மெருகின் பெயரால் தேயும் கார்கள்

யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வீதியில் இணுவிலைக் கடந்து செல்லும் கார்களை முற்பகல் வெயிலில் நின்று நோக்குகிறவர்கள், கறுப்பும் கருநீலமும் கடுஞ்சிவப்புமான வாகனங்களின் மேனியிலே, சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சூழ்ந்து, மயிரிழையிலும் மெல்லிய கோடுகள் வளையம் வளையமாகப் படர்ந்திருப்பதைக் காணத் தவறமாட்டார்கள். கொட்டிலின் நிழலில் மாசற்றதாகத் தோன்றிய அதே கார், வெயிலுக்கு வந்தவுடன் பத்து வயது கூடியதுபோல் மங்கிவிடுகிறது. உடையவரைக் கேட்டால் வீதியின் தூசியையும் வெயிலின் கொடுமையையும் காரணமாகக் கூறுவார். சிலர், இக்காலத்துப் பெயின்ற்றுக்கு முன்போல் உறுதியில்லை என்று உற்பத்தியாளரை நொந்துகொள்வார்கள். எனது அபிப்பிராயம் வேறு. இக்கீறல்களுட் பெரும்பாலானவை, காரைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு நாமே வீட்டு முற்றத்தில் வைத்து நமது கையாற் போட்டவை. அவற்றை நீக்குவதற்கென்று ஆண்டுதோறும் நாம் செய்விக்கும் 'கட் அண்ட் பொலிஷ்' என்னும் கிரியையோ, கீறல்களோடு சேர்த்துக் காரின் காப்பையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறது.

இந்த வளையங்களைப் பற்றி முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நன்று. வட்டமாகத் துடைத்ததனாலேதான் வட்டமான கீறல் விழுந்தது என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் மேனியிலுள்ள நுண்கீறல்கள் நாலா திசையிலும் ஒழுங்கின்றிக் கிடப்பவை. அவற்றுள் ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மாத்திரமே அவ்வொளியை நமது கண்ணுக்குத் திருப்பியனுப்புகின்றமையால், ஒளிப்புள்ளியைச் சூழ்ந்த வளையங்களாக அவை காட்சி தருகின்றன. இரவில் ஒரு கைமின்விளக்கைப் பிடித்து அதனை மெல்ல நகர்த்தினால், வளையங்களும் கூடவே நகர்வதை எவரும் பரீட்சித்துப் பார்க்கலாம். ஆகவே, தாம் நேர்கோட்டில் மட்டுமே துடைப்பதாகவும் தமக்குப் பயமில்லை என்றும் ஆறுதல் கொள்வோர், துணிக்கும் மேனிக்கும் இடையே மணல் இருக்கும்வரை எத்திசையில் இழுத்தாலும் கீறல் விழவே செய்யும் என்பதை உணர்வார்களாக.

இணுவில் போன்ற ஊர்களில் காரைப் பேணும் சிரத்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதனை மறந்து இவ்விஷயத்தைப் பேசுதல் நியாயமாகாது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் இலங்கைக்கு வந்த ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஹில்மன் முதலிய பிரித்தானியக் கார்கள், 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, பணம் கொடுத்தாலும் புதிதாகக் கிடையாத பொருள்களாயின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானிய வாகனங்கள் வந்து குவிந்த பின்னரும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்பிரித்தானியக் கார்கள் வாடகைக் கார்களாகவும் குடும்பச் சொத்துக்களாகவும் நிலைத்து நின்றன. 1990இன் பின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டி, புகையோடும் இரைச்சலோடும் நோயாளிகளையும் பிரசவத்துக்குப் போகும் பெண்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றவை அவ்வண்டிகளே. உதிரிப்பாகம் வராத நாள்களில், கராஜ்களில் வேலை செய்தவர்கள் இல்லாத பாகத்தைத் தாமே கடைந்தும், ஒட்டியும், வேறு வண்டியினதைச் சீவிப் பொருத்தியும் அவற்றை ஓடச் செய்தார்கள். கோயிற் பெருமஞ்சத்தின் மரச்சிற்பங்களையும் தவிலையும் நாதஸ்வரத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பேணிய ஓர் ஊரில், கைத்திறன் மோட்டார் வண்டியிலும் சென்று படிந்ததில் வியப்பொன்றுமில்லை.

அவ்வண்டிகளின் பெயின்ற் இன்றைய பெயின்ற் அன்று. செலுலோஸ் வகையாயினும் எனாமல் வகையாயினும், நிறமும் பளபளப்பும் ஒரே படையில் அமைந்திருந்த பெயின்ற் அது. வெயில் பட்டுப் பட்டு அதன் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிப்போகும். கொம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைத் துணியில் எடுத்து அழுத்தித் தேய்த்தால், இறந்துபோன அந்த மேற்படை கழன்று துணியில் நிறமாக ஏற, உள்ளேயிருந்த உயிருள்ள நிறம் மீண்டும் வெளிப்படும். கலியாணக் காராகப் போவதற்கு முதல்நாளும், கோயில் கொடியேறுவதற்கு முன்பும், சாரதிமார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவ்வாறு தேய்த்ததைக் கண்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தேய்த்துத் தேய்த்துப் படை மெலிந்து கீழ்ப்பூச்சு தெரியத் தொடங்கினால், உள்ளூர்க் கராஜிலேயே பட்டி வைத்து, வோட்டர் பேப்பரால் தேய்த்து, புதிதாகப் பெயின்ற் அடித்துக்கொள்ளலாம். தேய்த்தல் அன்று உண்மையான பரிகாரமாக இருந்தது. அப்பெரியவர்களின் கை செய்தது சரியான காரியமே.

பிழை எங்கே நேர்ந்ததென்றால், கை மாத்திரம் வழிவழியாக வந்து, கையின் கீழ் இருந்த பொருள் மாறிப்போனதிலேதான். 1980களிலிருந்து உலகெங்கும் பரவிய முறையில், இரும்பின் மேல் துருக்காப்பும் கீழ்ப்பூச்சும், அதன் மேல் நிறப்படையும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமே இல்லாத ஒரு தெளிந்த படையும் அமைகின்றன. நாம் தொடுவது, கழுவுவது, கீறுவது எல்லாம் அந்தக் கடைசிப் படையைத்தான். அதனைத் தொழிலில் உள்ளோர் கிளியர் கோட் என்பார்கள். அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்கிரோன் வரையில்; ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு; நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோன் என்று கொண்டால், லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய வாகனத்தை வெயிலிலிருந்து காப்பது மயிரிழையிலும் மெல்லியதொரு படலம் என்பது விளங்கும். சூரியனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும் பதார்த்தம் கலந்திருப்பதும் அப்படலத்திலேயே.

பொலிஷ் செய்தல் என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலின் அடிமட்டம் வரைக்கும் அதைச் சூழ்ந்துள்ள பரப்பைச் சீவி இறக்குவது. மெல்லிய பொலிஷும் மென்மையான ஸ்பொஞ்சும் கொண்டு நிதானமாகச் செய்தால் இரண்டு மூன்று மைக்கிரோன் போகும். முரட்டுக் கொம்பவுண்டும் கம்பளி மட்டையும் வேகமாகச் சுழலும் இயந்திரமும் சேர்ந்தால் அதைப் போலப் பன்மடங்கு போகும். பத்தரிடம் சங்கிலியை மெருகுக்குக் கொடுக்கும் நமது தாய்மார், ஒவ்வொரு மெருகிலும் பொன்னில் ஒரு பொடி குறையும் என்பதை அறிந்திருப்பதனால் ஆண்டுதோறும் கொடுக்கமாட்டார்கள். அந்த விவேகத்தைக் காரின் விஷயத்தில் மட்டும் ஏன் கைவிட்டோமோ தெரியவில்லை. படலம் மெலிந்த காரில் முதலில் ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகளின் பின், கூரையிலும் பொனற்றிலும் வெண்திட்டுக்கள் தோன்றி, ஓரங்கள் செதில் செதிலாக உரியத் தொடங்கும்போது, அதற்குப் பொலிஷ் இல்லை, வைத்தியமும் இல்லை. முழுவதும் தேய்த்து மறுபடி பெயின்ற் அடிப்பதொன்றே வழி.

கார் கெட்டால் வேறொன்று வாங்கலாம் என்று இருக்கவும் இங்கு இயலாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் கிரயம் ஏறிய வேகத்தையும், திறந்த பின்னரும் வரிகளோடு சேர்ந்த புதுக் காரின் விலை சாமானியருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதையும் யாவரும் அறிவர். ஓர் ஆசிரியர் குடும்பமோ, வெளிநாட்டுப் பிள்ளையின் உதவியோடு வாழும் முதியவர்களோ இன்று வைத்திருக்கும் கார், இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு அவர்களோடு இருக்க வேண்டிய கார். மறுபடி பெயின்ற் அடித்த வாகனத்தை வாங்க வருபவர், அது விபத்தில் அடிபட்டதோ என்று ஐயுற்று விலையைக் குறைப்பதும் வழக்கம். ஆகவே இது அழகைப் பற்றிய விசாரம் மாத்திரமன்று. நடுத்தரக் குடும்பமொன்றின் சம்பாத்தியத்தைப் பற்றிய விசாரமுமாகும்.

இனிக் கீறல் வரும் வழிகளைப் பார்ப்போம். இணுவிலை உள்ளடக்கிய வலிகாமத்தின் செம்மண், புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் வாழ்வளிப்பது. ஆனால் அதன் நுண்துகள்களோடு கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல், சாதாரண உருக்குக் கத்தியையும் கீறவல்ல கடினமுடையது. காலையில் வேலைக்குப் புறப்படுமுன் பழைய பெனியன் துணியாலோ மஞ்சள் துணியாலோ காரை உலரத் துடைப்பவர், அம்மணலைத் தமது காரின் மேல் நாள்தோறும் அரைக்கிறார் என்றே சொல்ல வேண்டும். தூசி படிந்த கண்ணாடியிலும் கதவிலும் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதுவார்கள். தூசி கழுவப்பட்ட பின்னும் பெயர் மறையாதிருப்பதைக் கண்டவர் பலர். சோளகக் காற்று வீசும் மாதங்களில் காருக்குப் போர்வை போடுவோர், தூசியைக் கழுவாமலே அதன் மேல் போர்த்துவிடுகின்றனர். காற்றில் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும் அந்தப் போர்வை, எந்தத் துணியும் செய்யாத அளவுக்குக் கீறலை உண்டாக்கும். நமது ஒழுங்கைகளின் கிளுவை வேலிகள் போடும் கீறல் வேறு வகை. அவை நீண்டு நேராக, கதவின் நடுவே ஓடுபவை. அவற்றுட் சில ஆழமானவை.

கோயில் வாசலில் காருக்குப் பூசை செய்விக்கும் நமது வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். புது வண்டிக்கு முதன்முதலாகச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சில்லு ஏறும் வேளையில் ஒரு குடும்பத்தின் நெடுநாளைய உழைப்பு நிறைவெய்துகிறது. ஆயினும் பொனற்றில் இட்ட சந்தனமும் விபூதியும் காய்ந்து இறுகிய பின், மூன்றாம் நாள் உலர்ந்த துணியால் அவற்றைச் சுரண்டித் துடைப்பதுதான் தீங்கு. பசுஞ்சாணம் எரிந்த சாம்பலில் மணற்சத்து உண்டு. தண்ணீரை ஊற்றி ஊறவிட்டுக் கழுவினால், ஒரு கீறலும் விழாமல் அவை போய்விடும்.

தண்ணீரிலும் ஒரு விசேடம் இருக்கிறது. நமது கிணறுகள் சுண்ணாம்புக்கல்லின் மேல் நிற்பவை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 முதல் உற்பத்தி செய்ய ஆதாரமாயிருந்ததும் இக்குடாநாட்டின் அதே சுண்ணாம்புக்கல்லே. மதிய வெயிலில் கிணற்று நீரால் கழுவி அப்படியே உலரவிட்ட காரில், ஒவ்வொரு துளியும் வற்றி, கேத்திலின் அடியிற் படிவதைப் போன்ற அதே வெண்படிவை விட்டுச் செல்கிறது. அதை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்து நீக்க முயலும்போது இன்னும் நூறு கீறல். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரால் துடைத்தால் பளபளக்கும் என்று சொல்பவர்களும் உளர். அது எண்ணெய்ப் பிசுக்கின் பளபளப்பு. அடுத்த நாள் செம்மண்ணை அது வலிந்து பிடித்துக்கொள்ளும்.

ஆகையால் பரிகாரத்தின் பெரும்பகுதி கழுவும் முறையிலேயே இருக்கிறது. அதிகாலையிலோ மாலை சாய்ந்த பின்போ, நிழலில், மேனி சூடாறிய பின், முதலில் துணியே படாமல் தாராளமாகத் தண்ணீர் அடித்துத் தூசியை ஓடச் செய்து, பிறகு இரண்டு வாளி வைத்துக்கொண்டு, ஒன்றில் காருக்கென்று விற்கும் ஷாம்பூவும் மற்றதில் வெறுந்தண்ணீரும் இருக்க, மென்மையான மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு முறையும் வெறுந்தண்ணீரில் அலசி மண்ணை அங்கேயே விட்டுவிட்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவி, சேறு மிகுந்த அடிப்பகுதியைக் கடைசியில், வேறு துணியால் கழுவி, சுண்ணாம்பு படியுமுன் பெரிய மைக்ரோஃபைபர் துவாயால் ஒற்றியெடுத்துவிட்டால், புதுக் காரில் வளையங்கள் தோன்றப் பல்லாண்டு செல்லும். நிலத்தில் விழுந்த துணியை மறுபடி காரில் வைக்கலாகாது. பாத்திரம் தேய்க்கும் தும்பும் சலவைத்தூளும் குசினிக்கும் உடுப்புக்கும் உரியவை, காருக்கு வேண்டா.

ஏற்கெனவே கீறல் விழுந்த காருக்கு என்ன செய்வது என்றால், முதலில் நகத்தைக் குறுக்காக மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடக்கினால் அக்கீறல் ஆழமானது. அதைப் பொலிஷ் செய்து எடுக்க முயல்வது படலத்தைத் துளைப்பதில் முடியும். சிறிது ரச்-அப் பெயின்ற் வைத்துத் துருவேறாமற் காத்துக்கொண்டு அதனோடு வாழப் பழகுதல் உத்தமம். நகம் தடக்காத கீறல்கள் பொலிஷுக்கு அடங்குபவை. நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் தாரையும் இரும்புத்துகளையும் காருக்கென்றே விற்கும் களிக்கட்டியால் அகற்றி, காரின் ஒரு மூலையில் ஓர் அடிச் சதுரத்தில் மட்டும், உள்ளவற்றுள் மிக மென்மையான பொலிஷை முதலில் பரீட்சித்து, அது போதுமாயின் அதற்கு மேல் முரடானதைத் தொடாதிருத்தலே நல்ல தொழிலாளியின் இலக்கணம். சுழன்றுகொண்டே ஆடும் இரட்டை இயக்க இயந்திரம், சூட்டைக் குறைவாகவே எழுப்புவதால், பழகிய கைக்கும் பழகாத கைக்கும் அபாயம் குறைந்தது. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பழைய இயந்திரமோ, பெயின்ற் இயல்பாகவே மெலிந்திருக்கும் ஓரங்களிலும் மடிப்புகளிலும் ஒரு கணம் தங்கினாலும் எரித்துவிடும். வெள்ளைத் துணியில் காரின் நிறம் ஏறுமாயின், அக்காரில் தெளிந்த படையே இல்லை என்று அறிக. பழைய மொறிஸ் மைனரை இன்னும் பேணுவோரும், சில வெள்ளை நிறக் கார்களை வைத்திருப்போரும் இதைக் காண்பார்கள். அவர்களுக்குப் பெரியவர்களின் முறையே இன்றும் பொருந்தும், அளவோடு செய்தால்.

கராஜ்களையும் சேவிஸ் நிலையங்களையும் நடத்துவோரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ட்ராக்டரையும் வானையும் கழுவிய அதே ஸ்பொஞ்சால், அதே கலங்கிய வாளியிலிருந்து அடுத்த காரைக் கழுவுவது, வாடிக்கையாளரின் பணத்தை வாங்கிக்கொண்டே அவரது காரைக் கீறுவதாகும். கீறலுக்குள் எண்ணெயும் மெழுகும் நிரப்பும் பொலிஷை இட்டு, நிழலில் நிறுத்திக் காட்டி, கீறல் போய்விட்டதென்று அனுப்பிவைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. நாலைந்து கழுவலில் மெழுகு போக, வளையங்கள் முன்போலவே திரும்பி வர, உடையவர் மறுபடி வருகிறார். மெழுகு பூசுவதில் தவறில்லை. பிரேஸில் நாட்டுக் கார்ணோபாப் பனையின் மெழுகு நல்ல காப்பே. மறைத்ததை நீக்கியதாகச் சொல்வதுதான் தவறு. வேலை முடிந்ததும், நிரப்பிய எண்ணெயும் மெழுகும் போகும்படி ஐசோபுரோப்பைல் அற்ககோலும் தண்ணீரும் கலந்து ஓரிடத்தைத் துடைத்து, வெயிலில் நிறுத்திக் காட்டும் நேர்மை ஒரு கராஜுக்கு இருக்குமானால், அது பல ஆண்டுகளுக்கு வாடிக்கையாளரைத் தேடித்தரும். பெயின்ற்றின் தடிப்பை அளக்கும் சிறு கருவி இன்று கைக்குள் அடங்கும் அளவில் கிடைக்கிறது. பிளாஸ்ரிக் பம்பரில் சாதாரண வகை அளவு காட்டாதெனினும், இரும்புத் தகட்டில் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து, எத்தனை மைக்கிரோன் எடுத்தோம் என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது கடினமான காரியமன்று. யப்பானில் ஓடிய பின் இங்கு வந்த கார்களில் ஏற்கெனவே எவ்வளவு கட் செய்யப்பட்டிருக்கக்கூடும் என்பதை வேறெவ்வகையிலும் ஊகிப்பது கடினம்.

இத்தொழிலை இளைஞர்க்கு முறையாகக் கற்பிக்கவும் இடமுண்டு. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் எஞ்சின் வேலை கற்கும் பிள்ளைகள், பெயின்ற்றின் படைகளையும் அவற்றின் தடிப்பையும் அளவிடும் முறையையும் சேர்த்துக் கற்பார்களாயின், வெளிநாட்டில் இன்று நல்ல ஊதியம் பெறும் ஒரு தொழில் இங்கேயே அவர்களுக்குக் கைவரும். கடைந்தும் ஒட்டியும் ஒஸ்ரினை ஓட்டிய ஊருக்கு இது எட்டாத வித்தையன்று.

கார் வைத்திருப்போருக்கு நான் சொல்லக்கூடியது சிறியது. திருவிழாவுக்கு ஒருமுறை, கலியாணத்துக்கு ஒருமுறை, வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும்போது ஒருமுறை என்று கட் செய்விக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். காரின் ஆயுளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் அதற்கு இடமில்லை என்று கொள்ளுங்கள். மிச்சப்படும் பணத்தில் இரண்டு வாளியும், நல்ல மைக்ரோஃபைபர் துணிகளும், ஆண்டுக்கு ஒரு தகரம் மெழுகும் வாங்கலாம். அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது, வேலை தொடங்குமுன் பெயின்ற்றின் தடிப்பை அளந்து காட்டும்படி கேளுங்கள். அளக்க மறுப்பவரிடம் காரைக் கொடாதீர்கள்.